மணிமார்பனைக் குடிக்க வைத்தவன்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஏட்டையா. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன் என்று தெரிந்தால் ஆம்பூரிலேயே பாதிப் பேர் தங்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். நான் குளித்துவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, காதில் அத்தர் பஞ்சும் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இருந்தாலும் இருபத்திரண்டு வருஷத்து வாசனை ஒரு குளியலில் போய்விடாது. வேண்டுமானால் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

பெயர் சுந்தரமூர்த்தி. வாஹித் பாஷா சாகிபின் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை விரித்து, விரலால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்குவேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் உண்ணி கடித்த தழும்பு எது, முள் கிழித்த கோடு எது என்று சொல்லிவிடுவேன். மாசு மருவில்லாத தோல் வந்தால் சாகிபுக்குச் சந்தோஷம், அது சீமைக்குப் போகும். எனக்கோ சப்பென்றிருக்கும். அந்த மாடு எந்த வேலியில் நுழைந்தது, யாரிடம் அடி வாங்கியது என்பதெல்லாம் தழும்புள்ள தோலில்தான் இருக்கிறது. என்னைக் கெட்டவன் என்று எழுதப் போகிறீர்கள். அதற்கு முன்னால், ரசனையுள்ளவன் என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

எங்கள் ஷாப்பில் பச்சையப்பன் சுண்ணாம்புக் குழியில் விழுந்ததை விபத்து என்று போன ஆடி மாதம் நீங்களே எழுதி மூடியிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்தான், ஆனால் அது தப்பு. என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நானாகவே வந்திருக்கிறேன். முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் கோவையாக வரும்.

சுண்ணாம்பில் ஊறின தோலைச் சாய்வான மரக்கட்டைமேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சீவுவார்கள். பதினெட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து நிற்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த முதுகுகள் ஒருமுறை நிமிர்ந்தால் நேரே சாராயக்கடைக்குப் போய்விடும். அதனால் மேஸ்திரி கலீமுல்லா ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் கதை வாசிப்பு. கேட்டுக்கொண்டே சீவலாம், யாரும் நகர மாட்டார்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பேன்.

புத்தகம் வாலாஜாபேட்டைச் சந்தையில் வாங்கியது. அட்டையும் முதல் நாற்பது பக்கமும் கரையானுக்குப் போய்விட்டன, எழுதினவர் பெயரும் அதோடு போயிற்று. இளவரசன் மணிமார்பன் ஏழு கடல் தாண்டிப் போய், ஒரு பூதம் காவல் காக்கிற சந்திரக்கல்லைக் கொண்டுவந்து, கல்லாகிப்போன தன் ஊர் ஜனங்களை எழுப்ப வேண்டும். கதை நல்ல கதைதான். ஆனால் மணிமார்பன் மகா உத்தமன். பாம்பு வந்தால் வெட்டுவான், மோகினி வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுவான், அவனுக்குப் பசிக்காது, தூக்கம் வராது. மூன்றாம் நாளே கத்திச் சத்தம் குறைந்தது. ஐந்தாம் நாள் ஒரு ஆள் நின்றபடியே குறட்டை விட்டான்.

"முதலியாரே, உங்க ராஜகுமாரன் ரொம்ப பேஜாரு," என்றார் கலீமுல்லா. "ஒரு தப்புகூட பண்ணத் தெரியாதா அவனுக்கு? இவன் மனுசன்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் வாசிக்கும்போது, புத்தகத்தில் இல்லாத நாலு வரியை நைசாக நடுவில் நுழைத்தேன். பூதத்தின் தோட்டத்தில் ஒரு தங்கக் குடம். அதில் நீல நிறத்தில் மது. மணிமார்பன் ஒரு வாய் குடித்தான். பிறகு இன்னொரு வாய். பிறகு கிரீடத்தைக் கழற்றித் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

பதினெட்டுக் கத்தியும் நின்றுவிட்டன.

"அட, இவனும் நம்மாளுதான்டா!" என்று ஒருவன் கத்தினான். அவன்தான் பச்சையப்பன். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு, அடுத்து என்ன என்று என்னையே பார்த்தார்கள். ஏட்டையா, பதினெட்டு முகம் அப்படிப் பார்க்கும்போது தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் என்னவோ சூடாக இறங்கும். அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் என் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து எப்போது மத்தியானம் ஆகும் என்றே இருந்தது.

அன்றிலிருந்து நான் பக்கத்தைத் திருப்பியதோடு சரி. வார்த்தையெல்லாம் என்னுடையது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அச்சில் இருப்பது பொய்யாக இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பச்சையப்பனைப் பற்றி நல்லவிதமாகவே சொல்கிறேன். கன்றுத் தோலைக்கூட ஒரு கீறல் விழாமல் சீவுகிற கை அவனுக்கு. குடிக்காத நாட்களில். குடித்துவிட்டால் தோலும் கிழியும், வீட்டில் சட்டி பானையும் உடையும். ஒரு சனிக்கிழமை அவன் சம்சாரம் பட்டம்மாள் மூன்று வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாப்பு வாசலுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு உதடு வீங்கியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றாள். "இன்னொரு தடவ குடிச்சிட்டு வாசப்படி மிதிச்சான்னா, புள்ளய இட்டுகினு வாலாஜாபேட்டைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்டுவேன். அப்பறம் இவனுக்குப் பொண்டாட்டியும் கெடையாது, புள்ளயும் கெடையாது."

பச்சையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குழந்தைமேல் அவனுக்கு உயிர். அவள் போகிற வரைக்கும் அது தோளுக்கு மேலாக எட்டி இவனைப் பார்த்துக்கொண்டே போயிற்று. இவன் கத்தியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அந்த வாரம்தான் மணிமார்பன் குடியை விட்டான். பச்சையப்பனுக்காகச் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதெல்லாம் இல்லை. இளவரசன் பதினைந்து நாளாகக் குடித்துக்கொண்டே இருந்தான், கதை நகரவில்லை.

ஷாப்பு ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது விடுவதென்று சத்தியம் செய்தால், பதனிடாத பச்சைத்தோலில் ஒரு வார் அறுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். ஈரமாக இருக்கிறபோது தெரியாது, காயக் காய இறுகும். முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் சத்தியம் போயிற்று என்று அர்த்தம். தண்ணீரிலேயே வேலை என்பதால் வேலை நாளில் அது தொளதொளவென்று கிடக்கும். வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. அன்றைக்குத்தான் கை காயும், வார் கடிக்கும். ஆட்கள் குடிக்கப் போகிற நாளும் வெள்ளிக்கிழமைதான். யார் யோசித்து வைத்தார்களோ, நல்ல ஏற்பாடு. அதை அப்படியே மணிமார்பனுக்கும் கொடுத்தேன். மான் தோலில் ஒரு வார்.

வாசிப்பு முடிந்ததும் பச்சையப்பன் ஒரு வாரை அறுத்துக்கொண்டு கலீமுல்லாவிடம் வந்து கையை நீட்டினான்.

"கட்டுங்க மேஸ்திரி. மணிமார்பன் அறுக்காத வரைக்கும் நானும் அறுக்க மாட்டேன்."

"அடப் பைத்தியமே," என்றார் கலீமுல்லா. "உங்க சாமி மேல பண்ணு, புள்ள மேல பண்ணு. கதைல வர்றவன் மேலயா சத்தியம் பண்ணுவாங்க?"

"புள்ள மேல நாலு தடவ பண்ணி நாலு தடவயும் ஒடச்சிட்டேன். சாமிக்கு இன்னா தெரியும், அது ஒரு நாளும் குடிச்சதில்ல. இவன் நம்மள மாதிரி. இவனால முடிஞ்சா என்னாலயும் முடியும்."

நாற்பத்தாறு நாள் அவன் தொடவில்லை. கை நடுக்கம் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றினான். பட்டம்மாள் எனக்கு ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். நன்றாக இருந்தது, இப்போதும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. குடியை விட்டவன் அடுத்து என்ன செய்வான்? எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. எதிரில் குடத்தைக் கண்டால் ஓடுவானா, சிரிப்பானா, கும்பிடுவானா? தெரியாததைத் தெரிந்த மாதிரி வாசிப்பது எனக்குப் பிடிக்காது. கண் முன்னால் ஒருவன் இருக்கும்போது ஊகம் எதற்கு?

அதனால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சாராயக்கடைக்குப் போனேன். மாமியாருக்கு முழங்கால் வலி, தேய்த்துவிட வேண்டும் என்று சொல்லி ஒரு புட்டி வாங்கினேன். என் மாமியார் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, சம்சாரம் அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். பச்சையப்பனின் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில், அவன் துண்டுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவன் துண்டை எடுத்தான். பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தான். "இன்னாடி, தேடிகினு வந்துட்டியா?" என்று புட்டியிடம் கேட்டான். கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். கடைசியில் சுண்ணாம்புக் குழி ஓரமாகப் போய், நூல் பிடித்த மாதிரி மெதுவாக, சொட்டுவரைக்கும் ஊற்றினான். அப்புறம் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஜெயித்தவன் அழுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானாகச் சொல்லியிருந்தால் சிரிக்கத்தான் வைத்திருப்பேன்.

மறுநாள் அதை வாசித்தேன். குடத்தோடு மணிமார்பன் பேசினதும், ஊற்றினதும், அழுததும். மூக்கை உறிஞ்சாத ஆள் அந்த வரிசையில் இல்லை. எல்லாரும் போன பிறகு பச்சையப்பன் மூட்டை அடியில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அய்யா, நேத்து எனக்கும் இதேதான் ஆச்சு. அச்சு அசலா இதேதான். எவனோ கொண்டாந்து வச்சிட்டான். நான் ஊத்துறப்ப அவனும் அங்க ஊத்திகினு இருந்திருக்கான். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுக்குதுய்யா."

"நல்ல கதை என்றால் அப்படித்தான் இருக்கும்," என்றேன். அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

இரண்டாவது புட்டியை ஒரு வெள்ளிக்கிழமை பாலாற்றங்கரையில் வைத்தேன், அவன் துணி துவைத்துக் காயப்போட்டிருந்த கல்லின்மேல். வார் காய்ந்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்திருந்த நேரம். புட்டியைப் பார்த்ததும் ஆற்றுக்குள் ஓடினான். ஆற்றில் தண்ணீர் ஏது, மணல்தான். மண்டிபோட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரந்தது. கலங்கல் தெளிவதற்குக்கூடக் காத்திருக்காமல் அள்ளி அள்ளிக் குடித்தான். வயிறு தண்ணீரால் உப்பிப்போய் மல்லாந்து படுத்த பிறகுதான் நிறுத்தினான். எவ்வளவு அழகான காட்சி என்று நினைக்கிறீர்கள். மணிமார்பனைப் பாலைவனத்தில் தோண்ட வைத்தேன்.

ஆனால் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். "இவன் ஜெயிச்சிகினேதான் இருப்பானா?" என்று இன்னொருவன் கேட்டான். மறுநாள் இரண்டு பேர் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிப் போய்த் திரும்பி வரவில்லை. பதினெட்டு முகத்தில் இரண்டு முகம் குறைந்தால் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோலைத் தடவும்போது கை நடுங்கியது. முதல் தரத்தைக் கழிவில் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன்.

இளவரசன் விழ வேண்டும். வேறு வழி தெரியவில்லை. இந்தத் தடவை புட்டி வைக்கவில்லை, அது தேவைப்படாது என்று தெரியும். மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து நிதானமாக வாசித்தேன். ஏழாவது கடலின் கரையில் மணிமார்பன் உடைவாளை உருவினான், மான் தோல் வாரை அறுத்து எறிந்தான், குடத்தை இரண்டு கையாலும் தூக்கினான்.

பச்சையப்பன் கத்தியோடு என்னிடம் வந்தான்.

"அய்யா, புக்குல அப்டியா போட்டிருக்குது?"

"ஆமாம்."

"எங்க, காட்டுங்க."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இருந்தாலும் ஈர விரலை ஒரு வரியின்மேல் வைத்து, "இதுவா?" என்றான். "அதேதான்," என்றேன். அந்த வரியில் கப்பலுக்குப் பாய் தைக்கிற விஷயம் இருந்தது. அவன் விரலை எடுத்தான்.

"அவ்ளோ பெரிய ராஜா, அவனாலயே முடியல," என்றான். கத்தியை வாருக்கு அடியில் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். பாதி சீவின தோலைக் கட்டைமேல் அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்தான். கலீமுல்லா "டேய், டேய்" என்று பின்னால் ஓடினார். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்கள். போன இரண்டு பேரும் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பட்டம்மாள் ரயிலடிக்குப் போனாள். நானும் போனேன். மணிமார்பன் மனைவி ஒருத்தி அவனை விட்டுப் போவதாக வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை இருந்தது. அதற்கு, விட்டுப் போகிற பெண் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்க்க வேண்டும். ஒரு துணி மூட்டை, ஒரு அம்மிக் குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள் என்று நான் ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டேன். மூட்டையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

"அய்யா, உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே," என்றாள். "அந்த ராஜா பையன் திருந்துவானா, மாட்டானா?"

"போகப் போகப் பார்க்கலாம்."

அவள் முந்தானையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தாள். அவள் அண்ணன் விலாசத்தை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அவன் திருந்திட்டா இவனும் திருந்திடுவான். திருந்திட்டான்னு ஒரு வரி போடுங்கய்யா. அன்னிக்கே வந்துடறேன்." குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன். புத்தகத்தில் அடையாளம் வைக்க நல்ல கனமான அட்டை.

மறுநாளே திருத்திவிட்டிருக்கலாம், ஒரு வரிதான். ஆனால் விழுந்த மறுநாளே எழுந்தால் அது விழுந்ததாகுமா? அடியாழம் வரைக்கும் போக வேண்டும். அடியாழம் எப்படி இருக்கும் என்று, ஏட்டையா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பச்சையப்பன் காலையிலேயே குடித்துவிட்டு வேலைக்கு வந்தான். குழிகளுக்கு நடுவே நடக்கிற வரப்பு குறுகலானது. ஒரு இடத்தில் வரப்பு உடைந்து பலகை போட்டிருக்கும். நான் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பலகை கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவன் கால் வைத்தான், பலகை புரண்டது, சுண்ணாம்புப் பாலுக்குள் தலைகுப்புற விழுந்தான்.

ஆழம் மார்பளவுதான். தெளிவாக இருந்தால் எழுந்து நின்றிருப்பான். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நான் இருந்தேன். நீட்டவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒருவன் யாரைக் கூப்பிடுவான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மாவையா, பெண்டாட்டியையா, சாமியையா? அதற்குள் நீட்டிவிட்டால் கடைசிவரைக்கும் தெரியாமலே போய்விடும். மூன்றாவது தடவை தலை மேலே வந்தபோது கூப்பிட்டான். "மணிமார்பா" என்றான்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கலீமுல்லாதான் ஓடிவந்து குதித்து இழுத்துப் போட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், வேலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்துவிட்டான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

பலகை நகர்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா. நகர்த்தியது நான். அரை முழம், இடது காலால். அவன் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், பொறுமையாக எழுதுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்க நினைக்கவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் வாசிப்பை நிறுத்தி வைத்தேன். மணிமார்பன் எழுகிற கட்டத்தைப் பிரமாதமாக யோசித்து வைத்திருந்தேன். ஆகாயத்திலிருந்து வெள்ளைக் குதிரை வரும், சந்திரக்கல் தானாகக் கையில் விழும், கேட்டால் கல்லும் கரையும். பச்சையப்பன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

வந்தான். கலீமுல்லா கையைப் பிடித்து அழைத்துவந்தார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

"வேணாம்யா," என்றான் பச்சையப்பன். "மீதிய நான் சொல்றேன்."

அவன் மூட்டைமேல்கூட ஏறவில்லை, தரையில் உட்கார்ந்தான். "மணிமார்பனுக்குக் கண்ணு பூட்ச்சு," என்று ஆரம்பித்தான். "கொடம் எங்க கீதுன்னு அவனுக்குத் தெரியல. ஆனா வாசன வருது. எந்தப் பக்கம் வாசன வருதோ அந்தப் பக்கம் முதுகக் காட்டிகினு நடந்தான். தடுக்கி உழுந்தான், எழுந்தான், திரும்பவும் முதுகக் காட்டினான். அப்டியே நடந்து நடந்து ஒரு நாள் ஊட்டு வாசப்படில கால் இடிச்சிது." அவ்வளவுதான். குதிரை இல்லை, சந்திரக்கல் இல்லை. கல்லாகிப்போன ஊர் என்ன ஆயிற்று என்றுகூட அவன் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பச்சைத்தோல் வாரை மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தானே முடிச்சுப் போட்டான். யார்மேலும் சத்தியம் செய்யவில்லை. பதினேழு பேரும் வேலையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.

அந்த வாரமே கலீமுல்லா வெள்ளிக்கிழமைத் தொழுகையை முடித்துக்கொண்டு ரயிலேறிப் போய்ப் பட்டம்மாளையும் குழந்தையையும் கூட்டிவந்துவிட்டார். இப்போது ஏழு மாதம் ஆகிறது. அவன் குடிக்கவில்லை. தினமும் மத்தியானம் அவன்தான் கதை சொல்கிறான். பக்கத்து ஷாப்பு ஆட்கள்கூட வருகிறார்கள், நாற்பது பேருக்குக் குறையாது. என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. ஓரமாக ஒரு இடம் விட்டு வைக்கிறார்கள். நானும் போய் உட்காருகிறேன், வேறு என்ன செய்வது.

போன வாரம் அவன் பூதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். புத்தகத்தில் அந்தப் பூதத்துக்குப் பத்துத் தலை. இவன் சொல்கிற பூதம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு, இளவரசன் போகிற வழியெல்லாம் குடத்தைக் கொண்டுபோய் வைக்கிறது. பாலத்தை இடது காலால் தள்ளுகிறது. கிட்டே வந்தால் மூக்குப்பொடி வாசனை வருமாம். நான் பொடி போடுகிறவன்தான், ஆம்பூரில் பாதிப் பேர் போடுகிறார்கள். புட்டியில் என் பொடி வாசனை ஒட்டியிருந்ததோ, விழுகிற நேரத்தில் என் காலைப் பார்த்துவிட்டானோ, தெரியாது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கலீமுல்லாவின் கை முஷ்டியானதை நான் கவனித்தேன்.

அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பூதமாக இருப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. என்னை வெட்டப்போகிறான், எப்படி வெட்டுவான் என்று ஆவலாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மணிமார்பன் பூதத்துகிட்ட போனான்," என்றான் பச்சையப்பன். "வெட்டல. பாவம், அதுவும் குடிகாரப் பூதம். நாலு பேரு வாயப் பொளந்துகினு அத்தப் பாக்கணும், அதான் அதுக்கு சாராயம். அது இல்லன்னா கை நடுங்கும், சோறு எறங்காது. நம்மளுக்காச்சும் பொண்டாட்டி இருந்தா, வாசல்ல வந்து நின்னு கத்தினா. அதுக்கு யாரு இருக்காங்க? மன்னிச்சி உட்டுட்டான்."

நாற்பது பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பட்டம்மாள் எழுந்து வந்து எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

அதனால்தான் வந்தேன், ஏட்டையா. ஊர் முழுக்க என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. இதைச் சகித்துக்கொண்டு எப்படி இருப்பது? நான் செய்தது பலவீனத்தால் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் யோசித்து, திட்டம் போட்டு, தெளிந்த புத்தியோடு செய்தேன். புட்டி வாங்கினேன், வாரை அறுக்க வைத்தேன், கார்டைப் போடவில்லை, பலகையைத் தள்ளினேன், கையை நீட்டவில்லை. அதைச் சர்க்கார் காகிதத்தில் முத்திரையோடு எழுதி, நாலு பேர் முன்னால் கோர்ட்டில் உரக்கப் படிக்க வேண்டும். என்னைக் குடிகாரன் என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்யதை இருக்கிறது? என் ஜன்மத்தில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான்.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? அந்தக் கான்ஸ்டபிள்கூட லத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாரே. ஜன்னலுக்கு வெளியே இருக்கிறவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள், நின்று கேட்கட்டும். அந்தப் பலகை விஷயம் இருக்கிறதே, ஏட்டையா, அரை முழம் என்றா எழுதினீர்கள்? அதை அடித்துவிட்டு ஒரு முழம் என்று போடுங்கள். அரை முழத்துக்கு யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.